ஒரு சுண்ணாம்புக்கு இரண்டு உப்பு

அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் பிளான்ட் பார்க்கிறவளைத் தேடி யாராவது படி இறங்கி வருகிறார்கள் என்றால், கையில் பலகாரத் தட்டு இருக்காது. வாயில் புகார் இருக்கும்.

உங்கள் வீட்டுக் குளியலறை வாளியின் உட்புறம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? ஷவரில் பாதித் துளைகள் அடைத்துப்போய், மீதித் துளைகள் உங்களை விட்டுவிட்டுச் சுவரைக் குளிப்பாட்டுகின்றனவா? துவரம்பருப்பு வேகாமல் குக்கர் விசில் மட்டும் ஊரைக் கூட்டுகிறதா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் போர்வெல்லை நம்பிக் கட்டிய எந்தக் குடியிருப்பிலும் இதே கதைதான். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி போல இருக்கும், உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு.

எங்கள் குடியிருப்பில் மூன்று பிளாக். நான் அங்கே முதலில் படிக்கட்டு பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றவளுக்குக் கிடைக்கிற வேலை அது. லிஃப்ட் இருந்தாலும் படிக்கட்டு துடைக்கிறவள் லிஃப்டில் போய்த் துடைக்க முடியாதே. என் முட்டி இரண்டும் அந்தப் படிகளை எண்ணி எண்ணித் தேய்ந்துவிட்டன. அப்போதுதான் தண்ணீரை மென்மையாக்கும் பிளான்ட் வந்தது. அதை இயக்க வந்த ஆபரேட்டர் ஒரே வாரத்தில் துபாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அசோசியேஷன் செக்ரட்டரி பாலாஜி சார் என்னைக் கூப்பிட்டார். அவர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவர். எதையும் நிதானமாகத்தான் சொல்வார், வேலை போகிற விஷயத்தையும்கூட.

"பொங்கலுக்கு முன்னாடி பொதுக்குழு இருக்கு வளர்மதிம்மா. அதுவரைக்கும் நீங்க பாத்துக்குங்க. கம்ப்ளெயின்ட் ஜாஸ்தியாச்சுன்னா ஆட்டோமேட்டிக் மெஷின் போட்டுடலாம்னு நிறைய பேர் சொல்றாங்க. அப்படிப் போட்டுட்டா நீங்க பழையபடி படிக்கட்டுக்கே போயிடலாம், கவலைப்படாதீங்க."

ஷேர் ஆட்டோ பாடம்

பிளான்ட் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். என் உயரத்துக்கு ஒரு நீல உருளை. அதன் தலையில் ஒரு கைப்பிடி வால்வு. பக்கத்தில் கல் உப்பு கரைக்கிற தொட்டி. உருளைக்குள் ரவையைப் பொன்னிறமாக வறுத்துக் கொட்டியது போல ரெசின் என்று ஒன்று. மேலே வரும் போர்வெல் தண்ணீர் அந்த ரவைக்குள் புகுந்து கீழே வரும்போது சுண்ணாம்பு போய்விடும். எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்று தெரியாமல் கைப்பிடியைத் தொட எனக்குப் பயம். கரண்ட் வேறு சம்பந்தப்பட்டிருக்கிறது என்று பிளான்ட் கம்பெனி இன்ஜினீயர் பிரகாஷ் தம்பி சொன்னதும் இன்னும் பயம். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் கேட்டேன்.

"அந்தக் கரண்ட் இல்லக்கா, ஷாக் எல்லாம் அடிக்காது" என்று சிரித்துவிட்டு அவர் விளக்கினார். ரெசின் மணி ஒவ்வொன்றிலும் உட்காருவதற்கு மைனஸ் சீட்டுகள் இருக்கின்றன. முதலில் அதில் உப்பிலிருந்து வந்த ஒல்லி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு பிளஸ், ஆளுக்கு ஒரு சீட்டு. தண்ணீரோடு சுண்ணாம்பு வரும். அது குண்டு ஆள். அதற்கு இரண்டு பிளஸ், இரண்டு சீட்டு வேண்டும். ஒரு குண்டு ஆள் ஏறி உட்கார்ந்தால் இரண்டு ஒல்லி ஆட்கள் இறங்கியே ஆக வேண்டும். மூன்று பேர் இறங்க முடியாது, ஒருத்தர் மட்டும் இறங்கவும் முடியாது. பிளஸ்ஸும் மைனஸும் எப்போதும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும். எல்லாச் சீட்டிலும் குண்டு ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் பிளான்ட் வேலை செய்யாது. அப்போது உப்புத் தண்ணீரை விட வேண்டும். ஒல்லி ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து நெருக்கித் தள்ளிக் குண்டு ஆட்களைச் சாக்கடைக்கு இறக்கி விடுவார்கள்.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. நெமிலிச்சேரியில் குடியிருந்துகொண்டு தினமும் ஷேர் ஆட்டோவில் வருகிறவளுக்கு இது புரியாமல் வேறு என்ன புரியும்? கேட்டுக்கொண்டே நின்ற வாட்ச்மேன் முனுசாமிக்கும் புரிந்துவிட்டது. அவர் நீல உருளையைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னாக்கா இது, நம்ம ஆட்டோக்காரன்தான் மூணு பேர் சீட்ல அஞ்சு பேர ஏத்துறான்னு பாத்தா, தண்ணி அவனவிட கரெக்டா கீதே!"

ரோஸ் மில்க்

தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு சின்னப் பாட்டில் கொடுத்திருந்தார்கள். அதில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டுகளை விட்டுக் குலுக்க வேண்டும். சுண்ணாம்பு இருந்தால் ரோஜா நிறம். இல்லை என்றால் நீலம். காலையில் பிளான்ட் அறையைத் திறந்ததும் என் முதல் வேலை, போர்வெல் தண்ணீரில் ஒன்று, பிளான்ட் தண்ணீரில் ஒன்று என்று இரண்டு பாட்டில் குலுக்குவது. சொட்டு விழுந்து நிறம் பரவும் அந்த நொடியில் நான் மூச்சு விட மாட்டேன். மகன் பரீட்சை எழுதின காலத்தில்கூட ரிசல்ட்டுக்கு இவ்வளவு பயந்ததில்லை.

ஒரு நாள் போர்வெல் பாட்டில் நல்ல ரோஜா நிறத்தில் இருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏ பிளாக் தரைத்தளத்து ரத்தினம் ஐயா நடைப்பயிற்சியில் அந்தப் பக்கமாக வந்தார். நின்றார். பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நீ குடிம்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கும் ரோஸ் மில்க்னா உசுரு, சுகர் வந்து எல்லாம் போச்சு."

தொட்டுப் பார்த்தாச்சு

வால்வின் கைப்பிடிக்குப் பல நிலைகள். தினமும் வீடுகளுக்குத் தண்ணீர் போக ஒன்று. உப்புத் தண்ணீர் உள்ளே போக ஒன்று. அந்த உப்பைக் கழுவிச் சாக்கடைக்கு அனுப்ப இன்னொன்று. எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தேன் என்ற கவலை எனக்கு எப்போதும் வெளிக் கேட்டைத் தாண்டிய பிறகுதான் வரும். திரும்பப் போய்ப் பார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். மறுபடி ரோட்டுக்கு வருவேன். ஷேர் ஆட்டோ வந்து நிற்கும். பார்த்தேனே, சரியாகப் பார்த்தேனா என்று தோன்றும். ஆட்டோவை அனுப்பிவிட்டு மறுபடி உள்ளே போவேன். இப்படிப்பட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள், தெரியும். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள்தானே நாம் எல்லோரும்?

ஒரு சாயங்காலம் இப்படி நான் மறுபடி மறுபடி கேட்டுக்குள் நுழைந்தபோது முனுசாமி நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள உட மாட்டேன். நீ போனதும் நானே போய்த் தொட்டுப் பாத்துட்டேன், கரெக்டா கீது. இன்னொரு தபா நீ தொட்டேன்னு வை, அதுவே கடுப்பாகித் தொறந்துக்கும். ஊட்டுக்குப் போக்கா!"

கவரில் வந்த முடி

சி பிளாக் சுமதி மேடத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம். பேச்சில் ஊர் மணம் போகாது. கோபத்திலும் போகாது. பிளான்ட் வருவதற்கு முன்னால் முடி கொட்டுகிறது என்று அசோசியேஷனில் சண்டை போட்டுப் பிளான்ட் வரவழைத்ததே அவர்தான் என்பார்கள். வந்த பிறகும் கொட்டுகிறது என்று காலை ஆறரைக்கெல்லாம் கீழே வந்துவிடுவார். முதல் நாள் சும்மா வந்தார். அடுத்த முறை, சீப்பிலிருந்து எடுத்த முடியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். போலீஸில் தடயம் கொடுப்பது போல என் மேஜையில் வைத்தார்.

நான் என்ன செய்வேன்? பாட்டிலை எடுத்து அவர் கண் முன்னாலேயே குலுக்கினேன். நீலம் வந்தது. நல்ல அடர்த்தியான நீலம். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அவர் பாட்டிலை வாங்கி உற்றுப் பார்த்தார். பிறகு கவரை என் பக்கம் நகர்த்தினார்.

"தண்ணி நீலமா இருக்கு, சரி. என் முடி கறுப்பாத்தான இருக்கு? அது ஏன் கொட்டுதுன்னு இந்தப் பாட்டில்ட்ட கேட்டுச் சொல்லுங்க."

ஒரு வீடு, இரண்டு ஊர்

பி பிளாக்கில் ஒரு புது ஜோடி குடிவந்தது. மனைவி கோயம்புத்தூர், மென்மையான தண்ணீரில் வளர்ந்தவர். கணவர் ராமநாதபுரம், உவர்த் தண்ணீர் ஊர். இருவரும் ஒரே ஆபீஸ், வீட்டிலிருந்தே வேலை. வந்த வாரமே கணவர் தலையில் துண்டோடு இறங்கி வந்தார். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உடம்பில் சோப்பு போகவே மாட்டேன் என்கிறதாம். வழுவழுவென்று இருக்கிறதாம். பாதி டேங்க்கைக் காலி செய்துவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார். பொதுக்குழு காதில் மணி அடித்தது. பிரகாஷ் தம்பிக்குப் போன் போட்டேன்.

சோப்பு எப்போதோ போய்விட்டது, அந்த வழுவழுப்பு மென்மையான தண்ணீரின் குணம் என்றார் அவர். சுண்ணாம்புத் தண்ணீரில் இருக்கிற குண்டு ஆட்கள் சோப்பைப் பிடித்து இழுத்து ஒரு பிசுக்காக மாற்றித் தோலில் ஒட்டவைத்துவிடுவார்கள். அந்தச் சொரசொரப்பைத்தான் நாம் இத்தனை நாளாகச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமாம். இதை அப்படியே கணவரிடம் ஒப்பித்தேன். "எங்க ஊர்ல குளிச்சா குளிச்ச மாதிரி இருக்கும்கா, இங்க எண்ணெய் தேச்சுக்கிட்ட மாதிரி இருக்கு" என்று அவர் புலம்பிக்கொண்டிருக்கும்போதே மனைவி வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எதையும் மாத்திடாதீங்கக்கா. கல்யாணமாகி வந்ததுல இருந்து இப்பத்தானுங்க எங்கூட்டுத் தண்ணில குளிச்ச மாதிரி இருக்குது. இவரைக் கொஞ்ச நாள் குளிக்காம இருக்கச் சொல்றேன்."

உப்பைக் கண்டால் ஆகாது

மாதத்துக்கு ஒரு தடவை கல் உப்பு மூட்டைகள் வண்டியில் வந்து இறங்கும். அதை ஒரு நாள் ரத்தினம் ஐயா பார்த்துவிட்டார். அவருக்குச் சர்க்கரையோடு ரத்தக் கொதிப்பும் உண்டு. "டாக்டர் என்னை உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார், நீ மூட்டை மூட்டையா எங்க டேங்க்ல கொட்டுறியா?" என்று கேட்டார். அந்த உப்பில் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகிறது, வீட்டுக்கு வருவது சுண்ணாம்புக்குப் பதிலாக இறங்கிய கொஞ்சம் மட்டும்தான், குடிக்கச் சமைக்க நீங்கள் கேன் தண்ணீர்தானே வாங்குகிறீர்கள் என்று நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து வீட்டுச் சமையலிலும் உப்பை அறவே நிறுத்திவிட்டார். ஊறுகாய் ஜாடியைக் கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பெரிய மனிதர் என்னால் சப்பென்று சாப்பிடுகிறாரே என்று.

திடீரென்று ஒரு நாள் அவரை ஆவடியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக முனுசாமி சொன்னார். தள்ளாட்டம், தூக்கம், கேட்டதற்கு வேறு பதில். உப்பு ஏறிவிட்டது, என் தலையில்தான் விடியப் போகிறது என்று நினைத்தேன். ரத்தத்தில் பார்த்தால் உப்பு ஏறவில்லை, இறங்கியிருந்தது! கொதிப்புக்கு அவர் போடுகிற மாத்திரை ஒரு பக்கம் உப்பை வெளியே தள்ளியிருக்கிறது, இவர் இன்னொரு பக்கம் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். உடம்புக்குள்ளும் பிளஸ், மைனஸ் கணக்கு உண்டு, நரம்பும் இதயமும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன, குறைக்கச் சொன்னால் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது என்று டாக்டர் நன்றாகக் கடிந்துகொண்டாராம். மருந்து ஏற்றிச் சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். தேறி வந்ததும் ஐயா நேராகப் பிளான்ட் அறைக்குத்தான் வந்தார். உப்புத் தொட்டியின் மூடியைப் பாசமாகத் தட்டிக் கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டாக்டரே அளவா உப்பு போட்டுக்கச் சொல்லிட்டார்மா. இன்னைக்கு என் வீட்டுல ரசம் வெச்சாங்க பாரு, நான் அழுதுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமைச் சாம்பார்

பிளான்ட் வந்த பிறகு பருப்பு சீக்கிரம் வேகிறது என்று முக்கால்வாசி வீடுகளில் சாம்பாருக்குக் குழாய்த் தண்ணீரையே வைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஞாயிறு எனக்கு லீவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாலாஜி சாருக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. உப்பு விட்டு ரெசினைப் புதுப்பிக்கிற வேலையைச் செல்போனில் வீடியோவாகப் பார்த்திருக்கிறார். நாமே ஒரு தடவை செய்து பார்த்தால் பொதுக்குழுவில் விளக்க வசதியாக இருக்குமே என்று சாவியை வாங்கிப் போயிருக்கிறார். எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார். உப்புத் தண்ணீரை உள்ளே விட்டார். காத்திருந்தார். கடைசியில் அந்த உப்பைக் கழுவிச் சாக்கடைக்கு அனுப்ப வேண்டும் பாருங்கள், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். ஆபீஸிலிருந்து போன் வந்ததாம். கைப்பிடியை நேராக வீடுகளுக்குத் திருப்பிவிட்டு மேலே போய்விட்டார். உருளைக்குள் நின்ற உப்புத் தண்ணீர் மொத்தமும் மாடி டேங்க்குக்கு ஏறிவிட்டது.

மதியம் மூன்று பிளாக்கிலும் சாம்பார் உப்புக் கரித்தது. இதில் அதிசயம் என்னவென்றால், ஒருவர்கூட அசோசியேஷனுக்குப் போன் செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் வீட்டுச் சமையலில்தான் தப்பு என்று நினைத்துவிட்டார்கள்! மாமியார் மருமகளைப் பார்த்தார். மருமகள், "நான் போட்டப்புறம் நீங்க ஒரு தடவை போட்டீங்களா அத்தை?" என்று கேட்டார். கணவர்கள் தட்டைத் தள்ளினார்கள். ஜன்னல் வழியாகச் சத்தம் வந்தபடியே இருந்ததாகவும், எந்த வீட்டுச் சண்டையைக் கேட்பது என்று தெரியாமல் தவித்துப் போனதாகவும் முனுசாமி பிறகு சொன்னார். பாலாஜி சாரும் விதிவிலக்கில்லை. சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, "எந்த நினைப்புல சமைக்கிறே?" என்று வீட்டம்மாவைக் கேட்டிருக்கிறார். அவர் சாம்பார்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாராம்.

திங்கட்கிழமை காலை நான் வந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து அலறிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் என் பெயர் உருண்டது. ஆட்டோமேட்டிக்தான் தேவை என்று வரிசையாக எழுதினார்கள். நான் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முட்டி இப்போதே வலிக்க ஆரம்பித்தது. அப்போது பாலாஜி சார் குரூப்பில் எழுதினார்: வால்வைத் திருப்பியது நான், வளர்மதிம்மாவுக்கு அன்றைக்கு லீவு, எல்லாரும் மன்னிக்கணும் என்று. கீழேயே இன்னொன்றும் எழுதினார்: மனுஷன் கை பட்டால் இப்படித்தான் ஆகும், அதனால் ஆட்டோமேட்டிக் போடுவதுதான் நல்லது என்று. என்னைக் காப்பாற்றிய கையோடு வேலைக்கும் உலை வைத்துவிட்டார். நான் சிரிப்பதா அழுவதா என்று இருக்கும்போது அவர் வீட்டம்மா இறங்கி வந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் வளர்மதிம்மா அவரு வாயைத் திறந்து சாரி கேட்டாரு. மாசம் ஒரு தடவை இந்த மாதிரி உப்புத் தண்ணி விட முடியுமா?"

பொதுக்குழு

பொதுக்குழு கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு நடந்தது. ஆட்டோமேட்டிக் மெஷின் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்திருந்தார். மாதிரி மெஷினையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பளபளவென்று இருந்தது. நான் தூண் ஓரமாக நின்றுகொண்டேன். அன்றைக்குக் காலையில் உப்பு விட வேண்டிய முறை. கூட்டம் முடியட்டும் என்று தள்ளி வைத்திருந்தேன். உருளைக்குள் அநேகமாக எல்லாச் சீட்டிலும் குண்டு ஆட்கள் ஏறியிருப்பார்கள். டை கட்டியவர் என்ன செய்தார் தெரியுமா? "உங்க இப்போதைய தண்ணி எப்படி இருக்குன்னு உங்க முன்னாடியே பார்த்துடலாம்" என்று குழாயில் பாட்டிலைப் பிடித்துவிட்டார்.

சொட்டு விழுந்தது. குலுக்கினார். ரோஜா நிறமும் வரவில்லை, நீலமும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தில் நின்றது. "பார்த்தீங்களா, நீலம் இல்லை" என்றார் அவர். முன் வரிசையிலிருந்து ஒரு அம்மா, "இது நீலம்தாங்க, ஆனந்தா ப்ளூ" என்றார். "ஆனந்தா ப்ளூ இப்படியா இருக்கும்? இது கத்திரிப்பூ" என்றார் பக்கத்தில் இருந்தவர். "கத்திரிப்பூ இன்னும் வெளிறி இருக்கும். இது நாவல்பழம்." பாட்டில் கை மாறியது. ஒருவர் தன் முந்தானையை அதன் பக்கத்தில் பிடித்தார். கோயம்புத்தூர்ப் பெண் மாடிக்கு ஓடிப் போய்த் தன் பட்டுப்புடவை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். ஆண்கள் எல்லோருக்கும் அது வெறும் ஊதா. டை கட்டியவர், "மேடம், நாம தண்ணியோட ஹார்ட்னெஸ், அந்தச் சுண்ணாம்பு பத்திப் பேசிட்டிருந்தோம்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அவர் குரல் எடுபடவில்லை. கடைசியில் பாலாஜி சார் எழுந்து கும்பிட்டு எல்லோரையும் உட்கார வைத்தார். டை கட்டியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மெஷினின் பெருமையைச் சொன்னார். எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று அதுவே கணக்கு வைத்துக்கொள்ளும். அதுவே உப்பு விட்டுக்கொள்ளும். அதுவே கழுவிக்கொள்ளும். "இனிமே நீங்க யாரையும் போய்ப் பார்க்கவே வேண்டாம். ஏதாவது குறைன்னா ஆப்ல பதிவு பண்ணிட்டா போதும்" என்று முடித்தார்.

சுமதி மேடம் எழுந்தார். என் கதை முடிந்தது என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். "ஆப்ல பதிஞ்சா யாரு வருவா?" என்று கேட்டார். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆள் வருவார் என்றார் டை கட்டியவர். "அதுக்குள்ள என் கோவம் ஆறிப் போயிருமே, அப்புறம் அவரு வந்து என்ன, வராட்டி என்ன? இந்தா நிக்காளே வளர்மதி, இவகிட்ட வந்து ரெண்டு சத்தம் போட்டுட்டுப் போனாத்தான் எனக்குக் காப்பியே இறங்கும். இவளும் பதிலுக்கு முகத்தத் தூக்காம பாட்டிலக் குலுக்கிக் காட்டுவா. உங்க மெஷின் எனக்குப் பயப்படுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரத்தினம் ஐயா முதலில் கையைத் தூக்கினார். கோயம்புத்தூர்ப் பெண் தூக்கினார். தூக்காமல் இருந்த கணவரின் கையையும் சேர்த்துத் தூக்கினார். பாலாஜி சார் வீட்டம்மா தூக்கியதும் பாலாஜி சார் கை தானாக மேலே போனது. மெஷின் வேண்டாம், வளர்மதி இருக்கட்டும் என்று முடிவானது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை எந்தப் பாட்டிலிலும் பிடித்துப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தது. நான் உடனே உப்பு விடப் பிளான்ட் அறைக்கு ஓடினேன். டை கட்டியவர் மெஷினைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். அவர் கூப்பிட்டு நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"அக்கா, எங்க ஆபீஸ்லயும் திட்டு வாங்க ஆள் நிக்க மாட்டேங்குது. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் சொல்லுங்களேன்."

சுண்ணாம்பைப் பிடிக்க ரெசின் போதும், ஆனால் மூன்று பிளாக்கின் கோபத்தைப் பிடித்துவைக்க, மாதச் சம்பளத்துக்கு முட்டி வலியோடு ஒருத்தி நின்றுகொண்டிருந்தால்தான் அந்தக் குடியிருப்பு நிம்மதியாகக் குளிக்கிறது.